கோன் ஃபில்டரும் ஃப்ரீ ஃப்ளோ சைலென்சரும்: ஸ்லோ நிற்காத என் கிளாசிக் 350

2014 மாடல் ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350, கார்ப்ரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது) வண்டி. 41,000 கிலோமீட்டர் வரை கம்பெனியில் வந்தபடியே ஓட்டினேன். ஸ்லோ, அதாவது ஆக்சிலேட்டரை விட்டபின் எஞ்சின் அணையாமல் மெதுவாக ஓடுவது, நிற்கவில்லை என்ற பேச்சே வந்ததில்லை. அதன்பிறகு ஆசை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை புகையைத் தடையில்லாமல் வெளியே விடுகிற ஃப்ரீ ஃப்ளோ சைலென்சரும், ஏர் ஃபில்டர் இருக்கிற ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டு கார்ப்ரேட்டரின் வாயிலேயே மாட்டுகிற கோன் ஃபில்டரும் போட்டேன். கூலியோடு 5,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அதற்குப் பிறகு 26,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இதை எழுதுகிறேன்.

முதல் வாரம் சத்தம் ஒன்றே போதுமாக இருந்தது. இரண்டாவது வாரம் தொல்லை ஆரம்பித்தது. காலையில் சோக்கை இறக்கியதும் அணைந்துவிடும். எஞ்சின் சூடானபிறகு நேரெதிர்: ஆக்சிலேட்டரை விட்டாலும் நாலைந்து விநாடி ரேஸ் இறங்காது; இறங்கினால் நேரே அணைந்துவிடும். திருச்சி தலைமைத் தபால் நிலைய சிக்னலில் வலது மணிக்கட்டை முறுக்கிக்கொண்டே நிற்பேன். விட்டால் போச்சு. இறக்கத்தில் கியரில் வரும்போது சைலென்சரில் பட்டாசு வேறு.

காட்டிய முதல் இடத்தில் ஸ்லோவின் வேகத்தை வைக்கிற ஸ்லோ ஸ்க்ரூவை ஏற்றி அனுப்பினார்கள். நின்றது, ஆனால் சிக்னலில் ஜெனரேட்டர் மாதிரி உறுமிக்கொண்டு. இன்னொருவர், "டேப்பட் டைட்டா இருக்கு சார், அடிச்சா சரியாயிடும்" என்றார். டேப்பட் என்றால் வால்வைத் தள்ளுகிற பாகம். இந்த எஞ்சினில் இருப்பது ஆயில் அழுத்தத்தில் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர்; கையால் வைக்க டேப்பட் இடைவெளியே கிடையாது. அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்றாமவர் மெயின் ஜெட்டைப் (ஜெட் என்றால் கார்ப்ரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற துளை) பெரிதாக்கினார். நெடுஞ்சாலையில் இழுவை கூடியது. ஸ்லோவில் இம்மியும் மாற்றமில்லை. மாறவும் மாறாது. ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது மெயின் ஜெட்டுக்கு வேலையே இல்லை. அந்த நேரம் எஞ்சினுக்குக் கஞ்சி ஊற்றுவது ஸ்லோ ஜெட்டும், பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்கிற மிக்ஸர் ஸ்க்ரூவும்தான். இது புரிய எனக்கு ஆறு மாதம் ஆனது.

புரியவைத்தது எமிஷன் டெஸ்ட் சீட்டு. இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க எடுத்தேன். முந்தைய வருஷச் சீட்டில் கார்பன் மோனாக்சைடு 1.9 சதவீதம், ஹைட்ரோகார்பன் (எரியாத பெட்ரோல்) பத்து லட்சத்தில் 700 சொச்சம் பங்கு. இந்த முறை 0.3 சதவீதம், 3,900. இந்த வயது நான்கு ஸ்ட்ரோக் பைக்குகளுக்கு வரம்பு 3.5 சதவீதமும் 4,500-உம். ஆக வண்டி பாஸ்! ஆனால் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மோனாக்சைடு விழுந்து ஹைட்ரோகார்பன் ஏறினால், பெட்ரோல் போதாமல் நடுநடுவே பற்றாமலே வெளியேறுகிறது என்று அர்த்தம். இந்தச் சோதனையே ஸ்லோவில் வைத்து எடுப்பதுதான். டாக்டரிடம் போகாமலே ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்த மாதிரி. பிளக்கைக் கழற்றினேன்: காபித்தூள் நிறத்தில் இருக்க வேண்டிய முனை திருநீறு பூசியதுபோல் வெளுத்திருந்தது.

பிறகு பழைய புல்லட் பார்க்கிற ஒரு பெரியவரிடம் போனேன். அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. இஸ்திரி போடுகிறவர்கள் தண்ணீர் தெளிக்கிற பாட்டில் ஒன்றை எடுத்து, ஓடுகிற எஞ்சினில் கார்ப்ரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கிற ரப்பரில் பீய்ச்சினார். தடுமாறிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று இறங்கி நிதானமாகி, தண்ணீர் காய்ந்ததும் மறுபடி எகிறியது. "ஏர் எடுக்குது தம்பி, கழட்டுங்க" என்றார். ரப்பரை விரலால் வளைத்தால் அடிப்பக்கம் பித்தவெடிப்பு மாதிரி வாய் பிளந்தது. நேராகப் பிடித்தால் ஒன்றுமே தெரியவில்லை. சிலர் இந்தச் சோதனையைப் பெட்ரோல் தெளித்துச் செய்வார்கள். சூடான எஞ்சினில் அந்த வேலை வேண்டாம்.

விரிசலுக்குக் காரணமும் நான் போட்ட சாமான்தான். முன்பு கார்ப்ரேட்டருக்கு முன்னால் ஒரு ரப்பர், பின்னால் ஏர் பாக்ஸ் ரப்பர் என்று இரண்டு பக்கமும் பிடிப்பு இருந்தது. ஏர் பாக்ஸ் போனதும் கார்ப்ரேட்டர், கோன் இரண்டின் எடையும் அந்த ஒற்றை ரப்பரில் தொங்கியது. சிங்கிள் சிலிண்டர் அதிர்வைச் சொல்ல வேண்டுமா? சைலென்சர் மாட்டியவர் இணைப்பில் கசியாமல் அடைக்கிற கேஸ்கெட்டைப் பழையதையே திரும்பப் போட்டிருந்ததும் அன்றுதான் தெரிந்தது. அந்த இடைவெளி வழியே வெளிக்காற்று உள்ளே போய்தான் பட்டாசு.

ரப்பரும் கேஸ்கெட்டும் புதிதாகப் போட்டபின் பட்டாசு நின்றது. ரேஸும் உடனே இறங்கியது. ஸ்லோ மட்டும் இன்னும் சவலைப்பிள்ளைதான். வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, மிக்ஸர் ஸ்க்ரூவைத் திருப்பினோம். இந்தக் கார்ப்ரேட்டரில் அது எஞ்சின் பக்கம் இருக்கிறது. வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். ஆர்.எக்ஸ். 100 மாதிரி ஃபில்டர் பக்கம் ஸ்க்ரூ இருக்கிற வண்டிகளில் இது தலைகீழ், வெளியே திருப்பினால் காற்று கூடும். இதில் குழம்பி வண்டியைக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு நாலு சுற்றுக்கு மேல் திறந்தபிறகுதான் எஞ்சின் சத்தம் தெளிந்தது. மூன்று சுற்றைத் தாண்டினாலே ஸ்லோ ஜெட் சிறிது என்று அர்த்தம் என்றார் பெரியவர். ஒரு சைஸ் பெரிய ஜெட் போட்டதும் இரண்டு சுற்றிலேயே நின்றது. கிளாசிக்கில் ஆர்.பி.எம். மீட்டர் இல்லை, ஹெட்லைட்டைப் போட்டு, பேட்டரி சார்ஜ் ஆகிறதா இறங்குகிறதா என்று காட்டுகிற ஆம்ப் மீட்டர் முள் ரொம்ப மைனஸுக்குச் சரியாத அளவுக்கு ஸ்லோ ஸ்க்ரூவை இறக்கி வைத்தோம்.

அத்தோடு முடித்திருக்கலாம். மைலேஜ் 35-லிருந்து 29-க்கு வந்திருந்தது. பைபாஸில் பக்கக்காற்று அடித்தால் வண்டி விக்கும், மழை என்றால் பயம். கடைசியில் ஏர் பாக்ஸைத் திரும்ப மாட்டினேன். உடனே பெரிய ஜெட்டுகள் இரண்டும் அதிகமாகி பிளக் கரி பிடித்தது. ஆக, பழைய ஜெட்டுகளே மறுபடி.

சைலென்சரை இன்னும் ஒரு வருஷம் வைத்திருந்தேன். 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு அரசு வைத்திருக்கும் சத்த வரம்பு 80 டெசிபல்; என்னுடையது அதற்குள் இருந்திருக்கும் என்று என்னாலேயே நம்ப முடியவில்லை. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம், லைசென்ஸையும் மூன்று மாதம் முடக்கலாம். மாடி வீட்டில் கைக்குழந்தை வந்தபிறகு எனக்கே கூச்சமாகி, அதையும் கழற்றி விற்றுவிட்டேன்.

மாற்றியே தீருவேன் என்கிறவர்களுக்கு என் கருத்து: சைலென்சரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவும் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்து, புது கேஸ்கெட்டுக்குக் காசு கொடுங்கள். இந்தக் கார்ப்ரேட்டருக்குக் கோன் ஃபில்டர் வேண்டவே வேண்டாம். 2020-க்குப் பின் வந்த, கார்ப்ரேட்டரே இல்லாத ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கு நான் சொன்ன ஜெட் கதை பொருந்தாது.

இப்போது மார்கழிக் காலையில் அரை நிமிடம் சோக், அவ்வளவுதான். ஆனால் ஆயில் மாற்றும்போதெல்லாம் அந்த ரப்பரை விரலால் வளைத்துப் பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.