வோல்ட் தனியாக, ஆம்பியர் தனியாக: என் பவர் மீட்டர் அனுபவம்

சுவர் சாக்கெட்டில் செருகி, அதன் மேல் நம் சாமானின் பிளக்கைச் செருகிப் பார்க்கிற சின்ன பவர் மீட்டர் இது. விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று கூட வேலை செய்யும் நண்பர் வாட்ஸ்அப்பில் கேட்டார். ஒரு வரியில் பதில் போட முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். திரையில் ஒரு சமயத்தில் ஒரே ஒரு எண்தான் வரும். பட்டனை அமுக்கினால் வோல்ட், மறுபடி அமுக்கினால் ஆம்பியர், அப்புறம் வாட், பவர் ஃபேக்டர், யூனிட், சுற்றி வந்து மறுபடி வோல்ட். ஒரு சாமான் மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்கிற மின்தடையைக் கணக்குப் போட வோல்ட்டை ஆம்பியரால் வகுக்க வேண்டும், அந்த இரண்டு எண்ணும் ஒரே நொடியில் எடுத்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அது கணக்கே இல்லை. அயர்ன் பாக்ஸை மாட்டிப் பாருங்கள். 233 வோல்ட் என்று குறித்துக்கொண்டு ஆம்பியருக்குப் போவதற்குள் தெர்மோஸ்டாட் டிக்கென்று வெட்டிவிடும், திரையில் 0.00. மறுபடி சூடேறும் வரை காத்திருந்து ஆம்பியரைப் பிடித்தால் அதற்குள் வோல்ட் 235-க்குப் போயிருக்கும். எங்கள் வீவக வீட்டில் (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி வீடு) பாதி சாக்கெட்டுகள் காலடி உயரத்தில், மீட்டரின் திரையில் விளக்கும் கிடையாது, அதனால் இதையெல்லாம் தரையில் உட்கார்ந்து கைப்பேசி டார்ச் வெளிச்சத்தில் செய்ய வேண்டும்.

இவ்வளவு திட்டினாலும் இந்த மீட்டர் எனக்குக் காட்டிய விஷயங்களை மறைக்கக் கூடாது. கெட்டிலின் அடியில் 220-240 வோல்ட், 1850-2200 வாட் என்று அச்சடித்திருக்கும், பலரும் அதை ஏதோ தோராயம் என்று நினைத்துக்கொள்கிறோம். வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் தடை வரும். 220-ஐ வைத்து 1850-க்குப் போட்டால் 26.2 ஓம். 240-ஐ வைத்து 2200-க்குப் போட்டாலும் அதே 26.2 ஓம்! உள்ளே இருப்பது ஒரே கம்பிச்சுருள், நாம் கொடுக்கிற வோல்ட்டைப் பொறுத்துத்தான் அது எடுக்கிற வாட் மாறுகிறது. கெட்டில் நடுவில் வெட்டாமல் ஓடுவதால் இதில் மட்டும் இரண்டு எண்ணையும் நிதானமாக எடுக்க முடிந்தது. 234 வோல்ட், 8.9 ஆம்பியர். வகுத்தால் 26.3 ஓம், பெருக்கினால் 2083 வாட். லேபிளும் மீட்டரும் இப்படி ஒத்துப்போனதைப் பார்த்ததில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அதைவிடப் பெரிய உபகாரம் எக்ஸ்டென்ஷன் ஒயர் விஷயத்தில். சமையலறையில் மூன்று மீட்டர் நீளப் பழைய ஒயர் ஒன்று, கெட்டில் போட்டால் அதன் சாக்கெட் பக்கம் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். மீட்டரைச் சுவரில் மாட்டி, அதிலிருந்து ஒயர், ஒயர் முனையில் கெட்டில் என்று வைத்தால் 232 வோல்ட். மீட்டரை ஒயர் முனைக்கு மாற்றிவிட்டுப் பார்த்தால் 228. நடுவில் லைன் வோல்ட் மாறியிருக்குமோ என்று திரும்பத் திரும்ப இடம் மாற்றிப் பார்த்தேன், அந்த 4 வோல்ட் போகவில்லை. ஓடுவது 8.7 ஆம்பியர். 4-ஐ 8.7-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.46 ஓம். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் மூன்று மீட்டர் போய் வர 0.1 ஓம்தான் இருக்க வேண்டும். மிச்சம் முழுக்கத் தளர்ந்துபோன சாக்கெட் தகடுகளில். அந்த 4 வோல்ட்டை 8.7 ஆம்பியரால் பெருக்கினால் மொத்தம் 35 வாட், அதில் முக்கால் பங்குக்கு மேல் அந்தச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சூடாக இறங்குகிறது. 13 ஆம்பியர் ஃபியூஸ் இதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது, ஏனென்றால் ஓடுகிற ஆம்பியரில் எந்தத் தப்பும் இல்லை. ஒயரை அன்றைக்கே வெட்டித் தூக்கிப் போட்டேன். சுடுகிற எக்ஸ்டென்ஷனை 'எல்லாம் அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறவர்கள் தயவுசெய்து இந்த ஒரு கணக்கையாவது போட்டுப் பாருங்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த வெட் கிரைண்டரில் இந்தக் கணக்கு செல்லாது. 232 வோல்ட், 1.1 ஆம்பியர், பெருக்கினால் 255 வருகிறது, ஆனால் வாட் பக்கம் போனால் 150 சொச்சம்தான். மீட்டர் கெட்டுவிடவில்லை. மோட்டாரில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கி வருவதால் பவர் ஃபேக்டர் 0.6 என்று காட்டும், அதையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். வீட்டு பில் வாட்டுக்குத்தான், அதனால் மாவரைக்கிற செலவைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பில் குறைக்க வாங்குகிறேன் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பில்லை ஏற்றுவது ஏர்கான், அடுத்து தண்ணீர் ஹீட்டர். பெரும்பாலான வீடுகளில் இரண்டுமே பிளக் இல்லாமல் நேராக ஒயரிங்கில் சேர்த்திருப்பவை, இந்த மீட்டரால் அவற்றைத் தொடவே முடியாது. கைப்பேசி சார்ஜர் மாதிரி ஓரிரண்டு வாட் சாமான்களில் காட்டுகிற எண்ணை நம்பவும் முடியாது. உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டால், பிளக்கைப் பிடுங்கியதும் சேர்த்து வைத்த யூனிட் கணக்கெல்லாம் போய்விடும்.

நண்பருக்கு என் பதில்: வேண்டாங்க. பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். வோல்ட், ஆம்பியர், வாட் மூன்றும் ஒரே திரையில் வருகிற மீட்டர்கள் கொஞ்சம் கூடுதல் வெள்ளிக்குக் கிடைக்கின்றன, சிம் லிம் டவர் பக்கம் போனால் ஒரு சுற்று விசாரித்துப் பாருங்கள். அதுவரைக்கும் என்னுடையதை எடுத்துக்கொண்டு போங்கள், புது பேட்டரி போட்டுத்தான் வைத்திருக்கிறேன், முதலில் உங்கள் வீட்டு எக்ஸ்டென்ஷன் ஒயரைப் பாருங்கள்.