பாதியில் மூடிய புத்தகத்துக்குப் பிறகு: கடையா, போனா, கிளை நூலகமா?

எங்கள் வீட்டில் மூன்றாம் வகுப்பில் ஒரு மகள், ஒன்பதாம் வகுப்பில் ஒரு மகன். பாடப்புத்தகத்தைத் தாண்டி எதையாவது தாங்களாக எடுத்துப் படிக்க வேண்டும், அதற்கு எதில் பணமும் நேரமும் போடலாம் என்று நானும் மனைவியும் ரொம்ப நாளாகக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தோம். மதுரையில் இருப்பவர்களுக்கு எட்டுகிற தூரத்தில் நான்கு வழிகள் உண்டு. காசு கொடுத்துப் புத்தகம் வாங்குவது, போனிலோ டேப்லெட்டிலோ இலவசமாகப் படிப்பது, சிறுவர் இதழ்களும் காமிக்ஸும், அப்புறம் பக்கத்துத் தெருக் கிளை நூலகம். நாங்கள் நூலகத்தைப் பிடித்துக்கொண்டோம். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை ஒரே மூச்சில் தாண்டிவிடலாம். சொந்தப் புத்தகத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் படிக்கலாம். போனில் இருந்தால் அலமாரி அடைக்காது. இதழ் வீடு தேடி வரும். நூலகம் மலிவு. இதிலெல்லாம் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது.

என்னைப் பொறுத்தவரை தீர்மானிக்கிற விஷயம் வேறு. பிள்ளைகள் கையில் எடுக்கும் புத்தகங்களில் பலவற்றை முடிப்பதே இல்லை. நாலு பக்கம் புரட்டிவிட்டு “நல்லாவே இல்லப்பா” என்று வைத்துவிடுவார்கள். பெரியவர்களும் அதைத்தான் செய்கிறோம், நம்மை யாரும் கேட்பதில்லை. அப்படி வைத்த அந்த நிமிடத்தில் பிள்ளையின் கைக்கு எட்டுவது எது? இன்னொரு புத்தகமா, டிவி ரிமோட்டா, யூடியூபா, இல்லை “காசு குடுத்து வாங்கினது, முடிச்சுட்டு எந்திரி” என்கிற நம் குரலா? ஆசைக்காகப் படிக்கிற பழக்கம் ஒட்டுவதும் ஒட்டாமல் போவதும் அங்கேதான் என்று நினைக்கிறேன். நான்கு வழிகளையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் பார்க்கப்போகிறேன்.

முதலில் வாங்குவது. தமிழில் சிறுவர் நூல்களுக்குப் பஞ்சம் என்று இனிமேல் சொல்ல முடியாது. சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கிற இருமொழிப் படப்புத்தகங்கள் போடுகிறது. ஆங்கில வழியில் படித்து, தமிழ் எழுத்தைக் கண்டால் தயங்குகிற பிள்ளைக்கு அது நல்ல கைப்பிடி. பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் பிரிவான புக்ஸ் ஃபார் சில்ரன் மெல்லிய கதைப் புத்தகங்களை நிறையக் கொண்டுவந்திருக்கிறது. நேஷனல் புக் டிரஸ்ட்டின் நேரு பால புத்தகாலயம் வரிசை படமும் கதையுமாக, பார்க்கவும் அழகு, விலையும் கையைக் கடிக்காது. தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது போனால் வழக்கமான பத்து சதவீதக் கழிவும் கிடைக்கும்.

சிக்கல் விலையில் இல்லை, வேகத்தில். 24 பக்கப் படப்புத்தகத்தை என் மகள் முடிக்கப் பத்து நிமிடம் போதும். பிடிக்கவில்லை என்றால் இரண்டு நிமிடம். பத்துப் புத்தகம் வாங்கி வந்தால் நாலு அவளுக்கு ஒட்டாது, மூன்று ஒரே நாளில் தீர்ந்துவிடும். மிச்சம் மூன்றுதான் அவளுடையது. அந்த மூன்றுக்கு நான் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பேன். ஆனால் எந்த மூன்று என்று வாங்குவதற்கு முன்னால் எப்படித் தெரியும்? ஒட்டாத நாலும் அலமாரியில் உட்கார்ந்துகொண்டு வாங்கிக் கொடுத்தவரைக் குத்திக்காட்டிக்கொண்டே இருக்கும். அந்த எரிச்சல் கடைசியில் பிள்ளை மேல்தான் இறங்கும்.

அடுத்தது போன். இங்கே ஸ்டோரிவீவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்கக் கூடாது. பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015இல் திறந்த தளம் அது. தமிழ்க் கதைகள் ஏராளம், எல்லாம் திறந்த உரிமத்தில். படிக்கலாம், பிடிஎஃப்பாக இறக்கலாம், அச்செடுக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கதைகளை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்து ஏற்றலாம் என்பதால் தமிழின் தரம் கதைக்குக் கதை மாறும். சிலது தெளிவாக ஓடும், சிலதைப் பெற்றோர் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது. வளர்ந்த பிள்ளைகளுக்கு மதுரைத் திட்டம் இருக்கிறது. 1998இலிருந்து தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தந்துகொண்டிருக்கிறது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை என்பதால் அவருடைய பெரிய சரித்திர நாவல்களைக்கூட அங்கே முழுசாகப் படித்துவிடலாம்.

சரக்கில் குறையே இல்லை. ஆனால் என் கேள்வியில் போன் தோற்றுப்போகிறது. கதை பிடிக்காமல் மூடினால் அடுத்த கதைக்குப் போக நாலு தடவை தட்ட வேண்டும், வீடியோவுக்குப் போக ஒரு தட்டு போதும். பத்து நிமிடம் கழித்து எட்டிப் பார்த்தால் கதையும் இருக்காது, தமிழும் இருக்காது, யாரோ ஒருவர் பொம்மைப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருப்பார். இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. கதைகளைப் பழைய டேப்லெட்டில் இறக்கி வைத்துவிட்டு வைஃபையை அணைத்துவிடுவது. பேருந்துப் பயணத்துக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. வீட்டில் அவ்வளவாக இல்லை, ஏனென்றால் வைஃபையை எப்படிப் போடுவது என்பது மூன்றாம் வகுப்பிலேயே தெரிந்துவிடுகிறது.

இதழ்களுக்கும் காமிக்ஸுக்கும் நான் இரண்டாம் இடம் கொடுப்பேன், அதுவும் கொஞ்ச வித்தியாசத்தில்தான். ஒரு பக்கம் பிடிக்கவில்லை என்றால் அடுத்த பக்கத்தில் வேறொன்று இருக்கும். புதிர், படக்கதை, துணுக்கு, ஏதோ ஒன்று. கைவிட்ட பிள்ளை அதே தாளுக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் தலைமுறையை வளர்த்த அம்புலிமாமாவும் கோகுலமும் இன்று அச்சில் இல்லை என்பது பெரிய இழப்புதான். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இருக்கிறது. அறிவியல் மாத இதழ் என்றாலும் பாடம் மாதிரி இருக்காது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கல்வித் துறையே ஊஞ்சல், தேன்சிட்டு என்று இரண்டு இதழ்கள் கொடுக்கிறது. அக்கா மகள் கொண்டுவரும் ஊஞ்சலை என் மகள் பிடுங்கி வைத்துக்கொள்கிறாள், திருப்பித் தருவதில்லை.

மகன் விஷயத்தில் வேலை செய்தது சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸ். முத்து 1972இல் தொடங்கியது, லயன் 1984இல். என் சித்தப்பா காலத்தில் கறுப்பு வெள்ளையில், சாணித்தாளில் வந்தது. இப்போது பளபளப்பான தாளில், முழு வண்ணத்தில், ஐரோப்பியக் கதைகளின் மொழிபெயர்ப்பாக வருகிறது. “காமிக்ஸெல்லாம் படிப்பா?” என்று கேட்கும் உறவினர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன்: பலூனுக்குள் இருக்கும் தமிழைப் படிக்காமல் யார் யாரைச் சுட்டார்கள் என்று தெரியாது. விலை மட்டும் இடிக்கிறது. பெட்டிக்கடையில் தொங்கிய காலம் போய், இன்று பெரும்பாலும் சந்தா கட்டியோ புத்தகத் திருவிழாவிலோதான் வாங்க வேண்டியிருக்கிறது.

இப்போது நூலகம். தமிழ்நாட்டில் சொத்து வரி கட்டுகிற ஒவ்வொருவரும் அதோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம். வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. நாட்டிலேயே முதலில் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது, ஆண்டு 1948. அதாவது நாம் முன்கூட்டியே காசு கட்டிவிட்ட கடை அது, போய் எடுக்காமல் இருக்கிறோம், அவ்வளவுதான். உறுப்பினர் ஆக முன்பணமும் ஆண்டுச் சந்தாவும் சேர்த்தாலும் ஒரு பிரியாணி விலை ஆகாது.

எங்கள் கிளையைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்ல ஒன்றும் இல்லை. காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம், வெள்ளிக்கிழமை விடுமுறை. மேசைகள் முழுக்க டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள். பிள்ளைகள் கொஞ்சம் சத்தமாகப் பேசினால் எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் நிமிரும். சிறுவர் நூல்கள் மூலையில் ஒரே ஒரு ரேக், அதிலும் கீழ் இரண்டு தட்டுகள். முதலில் பார்த்தபோது என்னடா இது என்றுதான் இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, கீழ்த்தட்டு என்பது என் மகளின் கண் உயரம்.

அந்த ரேக்கில் இன்னொரு பிரச்சினை உண்டு. சிறுவர் படப்புத்தகங்கள் பெரும்பாலும் பதினாறு, இருபத்துநான்கு பக்கம், நடுவில் பின் அடித்தவை. அவற்றுக்கு முதுகுப்பட்டையே கிடையாது. மற்றப் புத்தகங்களோடு நிறுத்தி வைத்தால் வெளியிலிருந்து ஒரு வெள்ளைக் கோடுதான் தெரியும், தலைப்பும் தெரியாது, படமும் தெரியாது. கொஞ்சம் தடித்த புத்தகங்களோ பைண்டிங் ஆகி, பழுப்புக் காலிகோ துணிக்குள் அட்டைப்படத்தைத் தொலைத்திருக்கும். ஆசைக்காகப் படிக்கிற பிள்ளை அட்டையைப் பார்த்துத்தானே எடுக்கும்? நூலகரிடம் சொன்னோம். அவர் யோசிக்கவே இல்லை, பழைய நாளிதழ் அடுக்கும் தட்டு ஒன்றைக் காலி செய்து, மெல்லிய புத்தகங்களை எல்லாம் அட்டை மேலே தெரிகிறபடி கவிழ்த்துக் கொட்டிவிட்டார். அன்றிலிருந்து மகள் நேராக அந்தத் தட்டுக்குத்தான் போகிறாள். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு பக்கம் பார்த்து, இடது பக்கம் ஒரு குவியல், வலது பக்கம் ஒரு குவியல். இடது பக்கம் இருப்பதெல்லாம் வேண்டாதது. அந்தக் குவியல் எப்போதும் பெரிதாக இருக்கும். அதற்காக யாரும் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நான் கேட்ட கேள்விக்கு நூலகம் தருகிற பதில் இதுதான். கைவிட்ட புத்தகத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த புத்தகம் இருக்கிறது, கைவிட்டதற்குக் காசும் இல்லை, திட்டும் இல்லை. நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்த சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பதை இரண்டாவது விதியாக வைத்தார். பத்தைத் தள்ளினால்தான் அந்த ஒன்று கிடைக்கும். தள்ளுவதற்கு மலிவான இடம் வேண்டும்.

கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் கெடு தேதிச் சீட்டும் தன் பங்குக்கு வேலை செய்கிறது. சொந்தப் புத்தகத்துக்கு அவசரம் இல்லை, என்றைக்கு வேண்டுமானாலும் படிக்கலாம், அதனாலேயே படிப்பதில்லை. முத்திரை குத்தி வந்த புத்தகம் இரண்டு நாளாவது மேசை மேல் கண்ணில் படுகிற மாதிரி கிடக்கும். எங்கள் வாங்கும் விதியும் இதிலிருந்தே பிறந்தது. ஒரு புத்தகத்தை மகள் இரண்டாவது முறை எடுத்து வந்தால் அதைக் கடையில் வாங்கிவிடுவோம். இப்போது வாங்குவதில் வீண் ரொம்பக் குறைவு.

விடுமுறை நாட்களில் புதுநத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போவதுண்டு. 2023 ஜூலையில் திறந்தது. குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, ஏசி, வண்ண இருக்கைகள், விளையாட்டு எல்லாம் உண்டு. பிள்ளைகளுக்கு அது ஒரு நாள் சுற்றுலா. சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் அப்படி. பிரம்மாண்டம் ஆசையைக் கிளப்பும், மறுக்கவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு செருப்பை மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் போய் வருகிற இடம் கிளை நூலகம்தான். பழக்கம் என்று பார்த்தால் என் ஓட்டு அதற்கே.

நிலைப் பிரிப்பு பற்றி ஒரு வார்த்தை. ஸ்டோரிவீவரில் நான்கு நிலைகள் என்றேன். அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களிலும் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு. ஆசிரியருக்கு இது உதவும். வீட்டில் இதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை. என் மகள் சரளமாகப் படிக்கத் தெரிந்த பிறகும் ஒரு வரிக்கு மூன்று சொல் இருக்கிற புத்தகத்தை எடுத்துவந்து சிரித்துக்கொண்டிருப்பாள். சிரிப்பு வருகிறதல்லவா, படிக்கட்டும்.

பதின்ம வயதுக்காரர்களைப் பற்றி என்னால் இவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. என் அனுபவம் ஒரே ஒரு பையனோடு நிற்கிறது. சிறுவர் ரேக்கைத் தாண்டி, பெரியவர்கள் நாவலுக்கு இன்னும் வராத அந்தப் பன்னிரண்டிலிருந்து பதினாறு வரைக்கும் எங்கள் கிளையில் தனியாக எதுவும் இல்லை. தமிழ்ப் பதிப்புலகிலும் அந்த இடம் மெலிசாகத்தான் இருக்கிறது. மகன் காமிக்ஸிலிருந்து நேராகத் துப்பறியும் நாவலுக்குத் தாவினான். வயதைக் கேட்டு யாரும் தடுக்கவில்லை என்பது நூலகத்துக்கு இன்னொரு நல்ல மதிப்பெண். அவன் வகுப்புப் பெண்கள் சிலர் பிரதிலிபி செயலியில் தொடர்கதை படிப்பதாகச் சொல்கிறான். நான் அதிகம் பார்த்ததில்லை, ஆனாலும் தினம் ஒரு அத்தியாயத்துக்குக் காத்திருக்கிற பிள்ளைகளைப் படிக்காதவர்கள் என்று எப்படிச் சொல்வது? ஆங்கிலத்திலேயே படிக்கும் பிள்ளைகள் என்றால் கணக்கு மாறும். கிளை நூலகத்தில் ஆங்கில நாவல்கள் சொற்பம், அவர்களுக்குப் பழைய புத்தகக் கடையோ பள்ளி நூலகமோதான் பொருத்தம். எழுத்துக் கூட்டுவதே போராட்டமாக இருக்கும் பிள்ளைக்கு நான் சொன்ன எதுவும் பொருந்துமா என்பதும் சந்தேகம். ஸ்டோரிவீவரில் ஒலியோடு சேர்ந்து வரிகள் ஓடுகிற கதைகள் உண்டு, அங்கே தொடங்குவது நல்லது என்று தோன்றுகிறது.

ஊருக்கு ஊர் கிளையின் நேரமும் விடுமுறையும் மாறும். வாசல் பலகையை ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் பிள்ளையைக் கூட்டிப் போங்கள், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால் மறுபடி கிளப்புவது கஷ்டம். உறுப்பினர் படிவத்தோடு முகவரிச் சான்று கேட்பார்கள். ஆதார் நகல் ஒன்றைக் கையோடு எடுத்துப்போனால் ஒரே நடையில் வேலை முடிந்துவிடும்.