சுப்ரீம்ஸின் முதல் இரண்டு இசைத்தட்டுகள்: எதை முதலில் கேட்பது?

டெட்ராய்ட்டின் சுப்ரீம்ஸ் பாடகியர் குழு 1961இல் டாம்லா என்ற இசை நிறுவனத்துக்காக வெளியிட்ட முதல் இரண்டு இசைத்தட்டுகளுமே அமெரிக்காவின் தேசியப் பாடல் தரவரிசையை எட்டவில்லை. அப்போது குழுவில் நான்கு பெண்கள்.

முதலில் வந்தது 'ஐ வான்ட் எ கை'. டயானா ராஸ் பாடியது. மூக்கோடு ஒட்டிய மெல்லிய குரல், மெதுவான நடை. குரல் இன்னும் பழுக்கவில்லை. கொஞ்சம் இழுவை என்றுகூடச் சொல்வேன்.

அடுத்தது 'பட்டர்ட் பாப்கார்ன்'. இதில் முன்னணிக் குரல் ஃபுளோரன்ஸ் பல்லார்ட். அடிவயிற்றிலிருந்து எழும் கனத்த குரல். தேவாலயப் பாட்டின் வீச்சு அதில் அப்படியே இருக்கிறது. வேகமான தாளத்தையும் சிரமமில்லாமல் தாங்குகிறார். எனக்கு இதுதான் பிடிக்கும். அப்புறம் ராஸே நிரந்தர முன்னணிப் பாடகி ஆனார், 1964இல் குழு முதலிடமும் பிடித்தது. சரிதான், ஆனால் பல்லார்டுக்கு இன்னும் நாலு பாட்டாவது கொடுத்திருக்கலாம். இதையே முதலில் கேளுங்கள். தட்டின் மறுபக்கத்தில் ராஸ் பாடும் 'ஹூஸ் லவிங் யூ'வையும் விட்டுவிடாதீர்கள்.