ரோமில் ஒரு பரோக் நடைச் சுற்றுலா: முத்துக்கு முழு மதிப்பெண், அவசரத்துக்குக் கழிவு

அரைநாள் சுற்றுலா, நான்கு தேவாலயங்கள். பெயர் வேண்டாம், ரோமில் இது மாதிரி நிறைய நடத்துகிறார்கள். பரோக் என்பது 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் கலை, கட்டடப் பாணி. அதென்றால் அலங்காரம் தூக்கல், தங்கம் தூக்கல், அவ்வளவுதான் என்ற நினைப்போடுதான் நான் போனேன்.

ஆரம்பம் அருமை. வழிகாட்டி பையிலிருந்து ஒரு முத்தை எடுத்துக் கையில் வைத்தார். உருண்டையே இல்லை, ஒரு பக்கம் பிதுங்கி, ஒரு பக்கம் குழிந்து, கடைவாய்ப் பல் மாதிரி இருந்தது. இப்படிப்பட்ட கோணல் முத்தைப் போர்த்துக்கீசியர்கள் 'பரோக்கோ' என்பார்கள், பெயர் அங்கிருந்துதான் வந்தது என்றார். பரவலான கருத்து அதுதான், சரி. ஆனால் இடைக்காலத் தர்க்கப் பாடத்தில் வரும் 'பரோக்கோ' என்ற சுற்றிவளைத்த வாத முறையிலிருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு, அதை அவர் தொடவே இல்லை. அதைவிட முக்கியம், அந்தக் கால ரோமின் பெரிய கைகளான சிற்பி பெர்னினியோ கட்டடக் கலைஞர் பொரோமினியோ தங்களை பரோக் கலைஞர்கள் என்று சொல்லிக்கொண்டதே கிடையாது. 18ஆம் நூற்றாண்டில் பிடிக்காதவர்கள் வசவாக ஒட்டிய பெயர் இது. 1888இல் வோல்ஃப்லின் என்ற கலை வரலாற்று அறிஞர் இதைப் பற்றி எழுதிய பிறகுதான் அதற்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

முதல் தேவாலயமான இல் ஜெசுவில், இந்தப் பாணி ஏன் பிறந்தது என்ற காரணத்தை நன்றாகச் சொன்னார். புராட்டஸ்டண்டுகள் சிலைகளையும் படங்களையும் உடைத்துக்கொண்டிருந்த காலம். 1563இல் முடிந்த, கத்தோலிக்கத் திருச்சபையின் டிரெண்ட் பொதுச்சபை, படங்கள் இருக்கட்டும், அவை மக்களுக்குப் போதிக்கட்டும், பக்தியைத் தூண்டட்டும் என்று தீர்மானித்தது. படிக்கத் தெரியாதவனையும் நின்ற இடத்தில் கலங்கடிக்க வேண்டும், இதுதான் பரோக்கின் வேலை.

அது எப்படி நடக்கும் என்பதை அடுத்த தேவாலயமான சாந்த் இக்னாசியோவில் என் காலே காட்டியது. தரையில் பதித்த வட்டக் கல்லில் நின்று பார்த்தால் மேலே பிரம்மாண்டமான குவிமாடம். பத்தடி முன்னால் போனேன், குவிமாடம் சரிந்து கோணலாகிவிட்டது. அங்கே குவிமாடமே இல்லை! கட்ட முடியாமல் போன இடத்தில் 1685இல் அந்திரேயா போட்சோ என்ற இயேசு சபைச் சகோதரர் துணியில் வரைந்து மாட்டியது. (கூரை ஓவியத்தைப் படம் எடுக்க வைத்திருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் ஒரு வரிசை நிற்கும், அதில் சேர வேண்டாம், நேராகக் கல்லுக்குப் போங்கள்.)

சான்டா மரியா தெல்லா விட்டோரியாவில் கூட்டம், பெர்னினி செதுக்கிய அந்தப் புகழ்பெற்ற புனித தெரேசா சிலையை எட்டித்தான் பார்த்தேன். மேலே மறைவான ஜன்னலிலிருந்து வெளிச்சம் விழுகிறது, பக்கச் சுவர்களில் நாடகக் கொட்டகை மாடத்தில் உட்கார்ந்த மாதிரி, அந்தச் சிற்றாலயத்தைக் கட்டவைத்த கொர்னாரோ குடும்பத்தாரின் சிலைகள்.

குறை என்றால் கடைசி இடம். பொரோமினியின் சான் கார்லோவுக்கு ஏழே நிமிடம், அதுவும் காதில் மாட்டிய கருவி கரகரத்துக்கொண்டே. தங்கம்தான் பரோக் என்று நினைத்தவனுக்கு இதைத்தானே முதலில் காட்ட வேண்டும்? உள்ளே கிட்டத்தட்ட முழுக்க வெள்ளைச் சாந்து, சுவர் உள்ளே வளைந்து வெளியே வளைந்து ஓடுகிறது, முட்டை வடிவக் குவிமாடத்தில் சிலுவையும் அறுகோணமும் எண்கோணமும் மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகின்றன.

மறுநாள் நான் மட்டும் போய் அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.