வேனுக்குள் ஆம்ப்ளிஃபயர் பெட்டி: ஏசி குழாயா, ஃபேனா?

பழநியிலிருந்து திரும்பும்போது ஒட்டன்சத்திரம் தாண்டியதும் பாட்டு நின்றுபோனது. "அண்ணே, பாட்டு என்னாச்சு?" என்று பின்னாலிருந்து ஒரே கூச்சல். கடைசி சீட்டுக்குப் பின்னால் இருக்கும் ப்ளைவுட் பெட்டியைத் திறந்தால் முகத்தில் அனல் அடித்தது. ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு. சூடு தாங்காமல் தானே நின்றிருக்கிறது. மூடியைத் திறந்து வைத்து அரை மணி நேரம் ஆனபிறகுதான் மறுபடி பாடியது.

பெட்டிக்குள் ஏபி வகை ஆம்ப்ளிஃபயர் ஒன்று, டிவிக்கும் சார்ஜருக்கும் ஓர் இன்வெர்ட்டர். சத்தமாக வைத்தால் ஏபி வகை இழுக்கும் கரண்டில் ஏறக்குறைய பாதி சூடாகத்தான் போகும். இன்வெர்ட்டரிலும் பத்தில் ஒரு பங்கு போகும். எல்லாம் சேர்த்து 150, 200 வாட். மூடிய பலகைப் பெட்டிக்கு அது ரொம்ப அதிகம்.

பெல்டியர் வில்லை வைக்கச் சொன்னார்கள். கரண்ட் கொடுத்தால் அதன் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். ஒரு வில்லையே 5, 6 ஆம்பியர் குடிக்கும், அந்தச் சூட்டை வெளியே தள்ள மறுபடி ஃபேன் வேண்டும். அதற்கு ஃபேனே போதுமே என்று விட்டுவிட்டேன்.

முதலில் செய்தது ஏசி குழாய். மேலே போகும் டக்டிலிருந்து ஒரு நெளிகுழாயைப் பெட்டிக்கு இறக்கினோம். பைபாஸில் ஓடும்போது அருமை, குறையே சொல்ல முடியாது. ஆனால் கொடைக்கானல் மலை ஏறும்போது ஏசியை நிறுத்திவிடுவேன். சாப்பாட்டுக்கு நிறுத்தினால் இன்ஜினும் ஓடாது, பாட்டு மட்டும் ஓடும். சூடு ஏறுவதே அப்போதுதான். அதைவிட மோசம் வேளாங்கண்ணியில் பார்த்தது. ஜில்லென்று இருந்த பெட்டியைத் திறந்ததும் கடற்கரை ஈரக்காற்று பட்டு, ஆம்ப்ளிஃபயர் மேல் முத்து முத்தாக வியர்த்துவிட்டது. சில மாதத்தில் ஸ்பீக்கர் டெர்மினலில் பச்சை பூத்திருந்தது. எட்டு மாதத்தோடு குழாயைக் கழற்றிவிட்டேன்.

இப்போது ஓடுவது 120 மி.மீ. ஃபேன் இரண்டு. 12 வோல்ட், இரண்டும் சேர்ந்தே அரை ஆம்பியர்தான் எடுக்கும். 200 வாட் சூட்டிலும், பெட்டிக்கு வெளியே இருக்கும் காற்றைவிட உள்காற்று 10 டிகிரிக்கு மேல் ஏறாமல் வைக்க நிமிடத்துக்கு 1 கன மீட்டர் காற்று போதும். இந்த ஃபேன்களுக்கு அது பெரிய வேலை இல்லை. பெரிய வேலை தூசிதான்.

எல்லோரும் மாட்டுவதுபோல நானும் முதலில் சூட்டை வெளியே இழுக்கும்படிதான் மாட்டினேன். மூன்று மாதம் கழித்துத் திறந்தால், பலகை இணைப்பு ஒவ்வொன்றின் ஓரமும் செம்மண் கோடு. ஒயர் வரும் ஓட்டையிலும் அதே. ஃபேன் வெளியே இழுக்க இழுக்க, கிடைத்த இடுக்கில் எல்லாம் தூசியோடு காற்று உள்ளே வந்திருக்கிறது. அப்புறம் திருப்பி மாட்டினேன். கீழே, சீட் பக்கம் உள்ளே ஊதும் ஃபேன்கள், அவற்றின் முன்னால் ஸ்பாஞ்ச். மேலே எதிர்ப்பக்கம் பெரிய ஓட்டை. இப்போது இடுக்குகளில் காற்று வெளியேதான் கசிகிறது, தூசி வரும் வழி ஒன்றே ஒன்று, அதையும் கழற்றிக் கழுவலாம். ஆம்ப்ளிஃபயரின் அலுமினிய முதுகில் 45 டிகிரி தெர்மல் சுவிட்சை (அந்தச் சூடு வந்ததும் தானே ஃபேனை ஓடவிடும்) ஒட்டி, ஃப்யூஸ் வழியாக நேரே பேட்டரிக்குக் கொடுத்திருக்கிறேன். சாவியை எடுத்த பிறகும், ஆறும்வரை ஓடிவிட்டு நின்றுவிடும்.

குறை இல்லாமல் இல்லை. வேனுக்குள் இருக்கும் காற்றைவிடக் குளிராக ஃபேனால் எதையும் ஆக்க முடியாது. சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வேனில், கதவைத் திறந்துவைத்துப் பத்து நிமிடம் பொறுத்துத்தான் பாட்டு போட வேண்டும். அந்த விஷயத்தில் ஏசி குழாய்தான் மேல். 24 வோல்ட் பஸ்ஸில் நான் எதையும் செய்து பார்த்ததில்லை. இந்த ஏற்பாடும் ஒரே ஒரு மழைக்காலத்தைத்தான் பார்த்திருக்கிறது. ஏபி இல்லாமல் கிளாஸ் டி என்ற வகை ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்களுக்குச் சூடு குறைவு, ஒரு ஃபேனே போதலாம்.

ஸ்பாஞ்சை மட்டும் இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள். கிளீனர் தம்பி ஒருமுறை கழுவி, ஈரம் காயாமலே மாட்டிவிட்டான். அன்றைக்குத் தூசி அதில் சேறாக அப்பி, திண்டுக்கல் வருவதற்குள் மறுபடி சிவப்பு விளக்கு. இப்போது ஒன்று பெட்டியில் இருக்கும்போது, இன்னொன்று வைப்பர் கம்பியில் காய்கிறது.