லேடெக்ஸா, ஸ்பிரிங்கா, ஃபோமா: பள்ளம் விழுந்த பிறகு எந்த மெத்தை தாங்கும்?

பழைய ஸ்பிரிங் மெத்தையை மாற்றிவிட்டு, ரப்பர் பாலில் செய்யும் லேடெக்ஸ் மெத்தைக்கு வந்திருக்கிறேன். வாங்கும் முன் காயர், ஸ்பிரிங், மெமரி ஃபோம் என்று எல்லாவற்றையும் அலசிப் பார்த்தாயிற்று. அதனால் இதை நடுநிலையான ஒப்பீடு என்று சொல்ல மாட்டேன். லேடெக்ஸ் பக்கம்தான் சாயும்.

எது மென்மை, எது கெட்டி என்பது கொஞ்ச நேரம் படுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். கெட்டியாக இருக்க இருக்க முதுகுக்கு நல்லது என்ற நம்பிக்கைக்கு மட்டும் ஒரு பதில். 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்றில், நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேரில் பாதிப் பேருக்குக் கெட்டியான மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தரக் கெட்டியான மெத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். 90 நாள் கழித்து, நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. சரி, அந்த விஷயம் அவ்வளவுதான்.

என் கவலை வேறு. எந்த மெத்தையானாலும் இடுப்பு அழுந்தும் இடத்தில் என்றாவது பள்ளம் விழும். விழுந்த பிறகு அதை என்ன செய்ய முடியும்? வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி இது. நான் முடிவெடுத்தது இதை வைத்துத்தான்.

ஸ்பிரிங் மெத்தையில் பள்ளம் விழுந்தால் கம்பி தளர்ந்துவிட்டது என்றுதான் நினைப்போம். பெரும்பாலும் கம்பிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதன் மேலே இருக்கும் சில அங்குல ஃபோம்தான் அமுங்கிப்போயிருக்கும். முன்பெல்லாம் இரண்டு பக்கமும் படுக்கிற மாதிரி செய்தார்கள், திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். இப்போது பல மெத்தைகளில் மேல்பக்கம் மட்டுமே மெத்தென்று தைத்து வருகிறது. தலைமாட்டைக் கால்மாடாக மாற்றிப் போடுவதோடு சரி. உள்ளே இருப்பதெல்லாம் சேர்த்து ஒட்டித் தைத்தது என்பதால், கம்பி நன்றாக இருக்கும்போதே மொத்த மெத்தையையும் தூக்கிப் போட வேண்டியதாகிறது. இதில் பாக்கெட் ஸ்பிரிங்கும் விதிவிலக்கல்ல. ஒவ்வொரு சுருளையும் தனித்தனித் துணிப்பையில் போடும் இந்த முறையை ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் 1900 வாக்கில் கனடாவில் உருவாக்கினார். பக்கத்தில் படுத்திருப்பவர் புரண்டால் ஆட்டம் தெரியாது, அந்த வகையில் அருமையான ஏற்பாடு. ஆனால் மேலே இருக்கும் ஃபோமின் ஆயுள்தான் அதற்கும் ஆயுள்.

அதற்குத்தானே உத்தரவாதம் என்பீர்கள். என் பழைய மெத்தைக்கும் இருந்தது. பள்ளம் கண்ணுக்கே தெரிந்தது. அளக்க வந்தவர் குறுக்கே ஒரு கோலை வைத்துப் பார்த்துவிட்டு, அளவு தாண்டவில்லை என்று சொல்லிப் போய்விட்டார். ஆள் படுக்காத நிலையில் பள்ளம் ஓர் அங்குலத்தையோ ஒன்றரை அங்குலத்தையோ தாண்டினால்தான் அது குறை என்று பல நிறுவனங்கள் எழுதி வைத்திருக்கின்றன. படுத்தால் இறங்குவதுதானே நம் பிரச்சினை! ஆகவே எத்தனை ஆண்டு என்பதைவிட எத்தனை அங்குலம் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். மெத்தையில் கறை பட்டாலோ, பலகைகளுக்கு நடுவே இடைவெளி அதிகமான கட்டிலில் போட்டாலோ உத்தரவாதம் செல்லாது என்ற வரியும் பக்கத்திலேயே இருக்கும்.

காயர் மெத்தை தேங்காய் நாரில் ரப்பர் பாலைத் தெளித்து அழுத்திச் செய்வது. காற்றோட்டம் நன்றாக இருக்கும், விலையும் குறைவு. நார் நொறுங்கி ஒருமுறை அமுங்கிவிட்டால் பிறகு எழும்பாது.

சாதாரண ஃபோமில் பார்க்க வேண்டியது அடர்த்தி. கெட்டித்தன்மை வேறு, அடர்த்தி வேறு. கெட்டியாகத் தோன்றும் ஃபோம்கூட அடர்த்தி குறைந்ததாக இருக்கலாம், அது சீக்கிரமே அமுங்கும். விற்பவர் சொல்லாவிட்டாலும் நாமே கணக்குப் போடலாம். 1.9 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் உயரம் என்றால் கன அளவு சுமார் 0.43 கன மீட்டர். எடை 14 கிலோ என்றால் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 33 கிலோதான். 40-க்கு மேல் இருந்தால் நம்பி வாங்கலாம்.

மெமரி ஃபோம் 1966-இல் நாசாவுக்காக, விமான இருக்கைகளில் வைப்பதற்காக உருவானது. உடல் சூட்டில் இளகி உடம்புக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும், குளிரில் இறுகும். அந்தச் சூட்டை எளிதில் வெளியே விடாது என்பதுதான் குறை. சொந்தமாக வைத்திருந்ததில்லை, விருந்தாளியாகப் போன இடங்களில் படுத்த அனுபவம்தான். தோள் வலிக்கு இதமாக இருந்தது, புரண்டு படுக்கத்தான் சோம்பலாக இருந்தது.

இனி லேடெக்ஸ். ரப்பர் பாலை நுரைக்க வைத்து, அச்சில் ஊற்றி வேக வைப்பது. டன்லப் முறையில் செய்தது சற்றுக் கனமாக, கெட்டியாக இருக்கும். நடுவே உறைய வைக்கும் டலாலே முறையில் செய்தது இன்னும் மென்மை. அழுத்தத்தை எடுத்ததும் சட்டென்று எழும்பிவிடும், அமுங்குவதும் மெதுவாகத்தான். ஆனால் நான் வாங்கியதற்கு முக்கியக் காரணம், ஜிப் உறைக்குள் ஒட்டாமல் அடுக்கிய பட்டைகளாக அது கிடைக்கிறது என்பது. மேல் பட்டை தளர்ந்தால் அதைக் கீழே போட்டுக் கீழ் பட்டையை மேலே வைக்கலாம். அதுவும் போனால் அந்த ஒரு பட்டையை மட்டும் வாங்கினால் போதும். உறையைத் துவைக்கலாம். ஒரே கட்டியாக வரும் லேடெக்ஸில் இந்த வசதி இல்லை, அப்படியென்றால் கொடுக்கும் கூடுதல் விலைக்கு எனக்குப் பாதி அர்த்தம் போய்விடும். இருபது ஆண்டு உழைக்கும் என்று விற்பவர்கள் சொல்வதற்கு மட்டும் நான் சாட்சி சொல்ல முடியாது. என்னுடையது இன்னும் புதுசு.

வாங்கும் முன் எந்தப் பட்டை எத்தனை அங்குலம் என்று கேளுங்கள். மேலே ஓர் அங்குலம் லேடெக்ஸ், கீழே முழுக்கச் சாதாரண ஃபோம் வைத்துவிட்டு லேடெக்ஸ் மெத்தை என்றே விற்பதும் உண்டு. உறையைக் கழற்றி லேடெக்ஸை வெயிலில் மட்டும் போடாதீர்கள், ரப்பர் பொரிந்து உதிர ஆரம்பித்துவிடும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

அப்புறம் எடை. மேலே சொன்ன அதே அளவு மெத்தை லேடெக்ஸில் 30 கிலோவைத் தாண்டும். அடிக்கடி வீடு மாற்றுபவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கத் தயக்கமாக இருக்கிறது. அவர்கள் மேலே அதிக ஃபோம் இல்லாத பாக்கெட் ஸ்பிரிங் ஒன்றை வாங்கி, அதன்மேல் மெல்லிய லேடெக்ஸ் டாப்பரைத் தனியாக விரித்துக்கொள்ளலாம். அமுங்கும்போது டாப்பரை மட்டும் மாற்றினால் போதும், மெத்தை அப்படியே இருக்கட்டும்.