ஓணமா, பொங்கலா: கொழிஞ்சாம்பாறைக்கு எப்போது போகலாம்?

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ் ஊர்களுக்கு ஒருமுறைதான் போக முடியும் என்றால்?

சாப்பாட்டுக்கு ஓணம்தான். ஆவணித் திருவோணத்தன்று தலைவாழை இலையில் உப்பேரி, சர்க்கரை வரட்டி, இஞ்சிக்கறி, ஓலன், காளன், எரிசேரி, அவியல் என்று வரிசை கட்டும். சோற்றுக்குப் பருப்பும் நெய்யும், சாம்பார், அப்புறம் அடைப்பிரதமன் என்ற பாயசம். அதை இலையிலேயே ஊற்றச் சொல்லி, பழமும் அப்பளமும் நொறுக்கிப் பிசைந்து சாப்பிடுங்கள். தம்ளரில் கேட்பது பாவம். மழை மட்டும் வம்பு செய்யலாம்.

பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலும் கரும்பும், அவ்வளவே. ஆனால் வாசலில் பானை பொங்குவதையும், மறுநாள் மாட்டுக்கொம்புக்கு வண்ணம் பூசுவதையும் பார்க்கத் தை மாதம்தான் சரி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடுப்பை அணைக்கப் பார்க்கும். பொங்கலன்று பாலக்காடு மாவட்டத்துக்குக் கேரள அரசு உள்ளூர் விடுமுறை விடுவதுண்டு. அலுவலக வேலை எதையும் சேர்த்து வைத்துக்கொள்ளாதீர்கள்.